92 என்பது 99-இல் பாதி

எனக்கு உத்தியோகம் செய்யாரில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுவது. மூட்டை, எடை, தரகு, லாரி வாடகை என்று கூட்டிக் கழித்தே காதோரம் நரைத்துவிட்டது. கம்ப்யூட்டர் கூட்டிச் சொன்ன தொகையைக் கையாலும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிற ரகம் நான். அப்படிப்பட்டவனிடம் வந்து “92 என்பது 99-இல் பாதி” என்று சொன்னால் சும்மா விடுவேனா? பேனாவை எடுத்தேன். கணக்குச் சரியாக வந்தது. அன்றோடு என் நிம்மதி போயிற்று.

சொன்னவர்கள் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆடுகிறவர்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ கோவரும் அவர் சகோதரர்களும் 2001-இல் தொடங்கிய மாயாஜால விளையாட்டு அது. நடுவில் அதை நவீனப்படுத்தப் போய், பழைய ஆட்டக்காரர்கள் கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள். உடனே 2007-ஆம் வருடத்துப் பிரதியைத் தூசி தட்டி எடுத்து, 2013-இல் மறுபடியும் கடை விரித்தார்கள். 2018 அக்டோபரில் அது போனுக்கும் வந்தது; போன் வழியாக என் வீட்டுக்கும் வந்தது.

மாயாஜாலம் என்றதும் பறக்கும் குதிரை, பேசும் வாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். கையில் கோடாலியைக் கொடுத்து மரம் வெட்டச் சொன்னார்கள். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, சமைப்பது, அடுப்பு மூட்டுவது ஒவ்வொன்றும் ஒரு வித்தை. ஒவ்வொரு வித்தையிலும் ஒன்றாம் படியிலிருந்து 99-ஆம் படி வரை ஏற வேண்டும். 99-ஐத் தொட 1 கோடியே 30 லட்சத்து 34 ஆயிரத்து 431 அனுபவப் புள்ளிகள். 92-ஐத் தொட 65 லட்சத்து 17 ஆயிரத்து 253. அதாவது, 92 படி ஏறி, வேர்த்து விறுவிறுத்து, “ஆச்சு, இன்னும் ஏழே படிதான்” என்று மூச்சு விடுகிறவனிடம், “தம்பி, பாதி தூரம் வந்திருக்கிறாய்” என்கிறார்கள். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் எங்கள் மண்டிக்குத் தரகராக வந்திருந்தால் நாங்கள் எல்லோரும் தெருவில் நின்றிருப்போம்.

வில்லோ மரம் என்று ஒன்று. நமக்கெல்லாம் அது கிரிக்கெட் மட்டையாகத்தான் அறிமுகம். 30-ஆம் படி வந்தால் அதை வெட்டலாம். ஒரு கட்டைக்கு 67.5 புள்ளி. அங்கிருந்து 99 வரை வில்லோவையே வெட்டுவதானால் ஏறத்தாழ 1,92,900 கட்டை வேண்டும். பையில் 28 பொருள்தான் கொள்ளும். அதற்குமேல் ஒரு குச்சிகூட ஏறாது. ஆக, கிட்டத்தட்ட 6,900 நடை. எங்கள் ஊர் வேதபுரீஸ்வரர் கோயிலில் சம்பந்தர் ஒரு பதிகம் பாடினார். காய்க்காத ஆண்பனையெல்லாம் பெண்பனையாகிக் குலை தள்ளின என்பது தலபுராணம். அந்த மண்ணில் பிறந்தவனுக்கு 6,900 நடை என்றால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஆனால் சம்பந்தருக்கு இருந்த அருள் எனக்கு இல்லை. கோடாலிதான் இருந்தது.

வீட்டில் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்கிறீர்களா? “ஏங்க, சிலிண்டர் புக் பண்ணுங்கன்னு நேத்துலருந்து கத்துறேன். இங்க உக்காந்து விறகு வெட்டிக்கினு இருக்கீங்களே” என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியாத கேள்விகளை அவள் எப்போதும் சமையலறையிலிருந்தபடியேதான் கேட்பாள்.

சரி, மரம் வெட்டத் தனியாள் போதும். ஆனால் சில காரியங்களுக்குத் துணை வேண்டும். அர்ராவின் கேடயம் என்று ஒரு பணி. வாராக் என்ற நகரத்தில் இரண்டு திருட்டுக் கும்பல்கள்: ஃபீனிக்ஸ் கும்பல், கருங்கைக் கும்பல். கேடயத்தின் ஒரு பாதி இவர்களிடம், மறு பாதி அவர்களிடம். ஒரு ஆள் ஒரு கும்பலில்தான் சேர முடியும். ஆகவே எதிர்க் கும்பலில் ஒருவரைப் பிடித்துப் பேசி முடித்தால்தான் கேடயம் சேரும், அரசர் 600 காசு பரிசு தருவார். நான் கருங்கைப் பக்கம். இதில் கூடுதல் சங்கடம், கருங்கையில் சேர்வதற்கே ஃபீனிக்ஸ்காரர்களின் ஆயுதக் கிடங்கிலிருந்து இரண்டு குறுக்குவில் திருடி வர வேண்டும்; கிடங்குச் சாவியோ ஃபீனிக்ஸ்காரரிடம். எதிர்க்கட்சிக்காரர் தயவில்லாமல் சொந்தக் கட்சியில் உறுப்பினர் அட்டைகூடக் கிடைக்காது. தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு ஏற்பாடு விளங்காமல் இல்லை, ஆள்தான் அகப்படவில்லை.

வாராக் சதுக்கத்தில் நின்று கூவினேன். “ஃபீனிக்ஸ் ஆள் யாராவது உண்டா?” தங்கக் கவசம் போட்ட ஒருவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடனம் ஆடினார். வேறொருவர் என் பாத்திரத்தின் கால்சட்டை நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் வந்தான் ஒரு பிரேசில் பையன். ஆங்கிலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே அளவு தகராறு. அதனால் புரிதலுக்குக் குறைவே இல்லை. சாவி கை மாறியது, கேடயம் சேர்ந்தது, இரண்டு பேரும் அரசரிடம் போய்க் காசு வாங்கினோம். “நன்றி” என்று போர்த்துகீசிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு மறைந்தான். இன்னும் எங்காவது கூட்டாளியில்லாமல் ஒரு கருங்கைக்காரனைப் பார்த்தால் எனக்கு மனசு இளகிவிடும்.

ஆள் தேடும் இந்தப் பாடு ரூன்ஸ்கேப்புக்கு மட்டுமல்ல. 2004 நவம்பரில் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் குகைக்குள் போக ஐந்து பேர் வேண்டும்: அடி வாங்க ஒருவர், மருந்து போட ஒருவர், அடிக்க மூன்று பேர். அடிக்கிற வேலைக்கு உலகமே தயார். அடி வாங்கத்தான் ஆள் இல்லை. அடி வாங்குவதையே தொழிலாக வைத்து உச்சத்துக்குப் போனவர் வடிவேலு. அவருக்கு இருந்த பெருந்தன்மை மற்றவர்களுக்கு வருமா? தலைநகரில் நின்று மணிக்கணக்கில் கூவிப் பார்த்தார்கள். 2009 டிசம்பரில் கம்பெனியே இரங்கி, பொத்தானை அழுத்தினால் ஐந்து பேரையும் சேர்த்துக் குகை வாசலில் இறக்கிவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அப்படியும் அடி வாங்குகிறவர்களுக்குப் பஞ்சம். 2011-இல் எந்த வேலைக்கு ஆள் குறைகிறதோ அதற்கு வருகிறவர்களுக்கு ஒரு பை நிறைய வெகுமதி என்று அறிவித்தார்கள். அடிக்குக் கூலி நிர்ணயம் ஆயிற்று.

பொத்தான் வந்ததும் குறை தீர்ந்திருக்க வேண்டும். வேறு குறை முளைத்தது. ஐந்து பேரும் வருகிறார்கள், அரக்கனை வெட்டுகிறார்கள், கலைகிறார்கள். ஒருவர்கூட வாயைத் திறப்பதில்லை. பேச்சே இல்லை என்று புலம்பல். 2019 ஆகஸ்டில் அதே கம்பெனி பழைய விளையாட்டைப் பழையபடியே, அந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மறுபடி வெளியிட்டது. தலைநகரில் நின்று கூவும் பாக்கியத்துக்காக ஜனம் உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தது.

இந்த மர்மத்தை எனக்கு அவிழ்த்தவர் ஆரணியில் இருக்கும் சித்தப்பா. பட்டு நெசவு. கோர்வைச் சேலை போடுகிறவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் தறியிலேயே கோத்து வர வேண்டும். அதற்கு மூன்று நாடா. ஒரு பக்கத்து நாடாவை எறிய இன்னொரு ஆள் கூடவே உட்கார வேண்டும். தனியாளாகக் கோர்வை ஓடாது. காலையிலிருந்து இருட்டும் வரை நாடா இப்படிப் போகும், அப்படி வரும். அவ்வளவுதான் வேலை. அவரிடம் போய் மரம் வெட்டிச் சலித்துப்போனதைப் பற்றிப் பேசினால் மரியாதையாக இருக்காது. ஆனாலும் பேசினேன்.

அவருக்கு முதலில் பிடித்தது அல் காரிட் என்ற பாலைவன ஊரின் கதை. அங்கே ஒரு பட்டு வியாபாரி நிற்பார். பட்டு என்ன விலை என்றால் மூன்று காசு என்பார். கட்டாது என்று முகத்தைத் திருப்பினால் இரண்டு காசுக்கு இறங்குவார்.

சித்தப்பாவின் கை நின்றது. “ரெண்டு காசுக்கா? எந்த ஊர்றா அது?”

“கம்ப்யூட்டர்ல இருக்கற ஊரு சித்தப்பா.”

“இருக்கட்டும். சரிகை விலை இன்னான்னு தெரியுமா அந்தாளுக்கு? யாரோ கஷ்டப்பட்டு நெய்ஞ்சத ரெண்டு காசுக்கு விக்கறான்னா திருட்டுப் பட்டுடா அது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே விளையாட்டில் ஆர்டூன் என்ற ஊர்ச் சந்தையில் பட்டுக் கடை ஒன்று உண்டு. திருட்டு வித்தையில் 20-ஆம் படி வந்தவர்கள் அந்தக் கடையில் கைவைத்துத்தான் அடுத்த படிக்குப் போகிறார்கள். ஆரணிக்காரர் திரையைப் பார்க்காமலே சரக்கை மோப்பம் பிடித்துவிட்டார். அர்ராவின் கேடயத்தில் கிடைத்த 600 காசைப் பற்றிச் சொன்னேன். “முந்நூறு பட்டு வாங்கி இங்க கொணாந்துடு. சங்கத்துல கேள்வி கேட்டா நான் பாத்துக்கறேன்” என்றார்.

வெனிசுவேலா சங்கதியை ஆரம்பித்தபோதுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நாட்டில் பணத்துக்கு மதிப்புப் போய், சம்பளத்தில் சாப்பாடு கிடைக்காத காலம். 2017-ஐ ஒட்டி அங்கே பலர் ரூன்ஸ்கேப்பில் நாள் முழுக்கப் பச்சை டிராகன்களைக் கொன்று, அவற்றின் எலும்பையும் தோலையும் விற்றுக் காசு சேர்த்தார்கள். அந்த விளையாட்டுக் காசை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு டாலருக்கு விற்று வீட்டுக்கு அரிசி வாங்கினார்கள். விதிப்படி அது கூடாது. பிடிபட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். இருந்தும் வேறு வழியில்லை.

“அப்ப அவங்களுக்கு அது கூலி நெசவுதான். சரி, உனக்குக் கூலி யாரு தர்றா?” என்றார் சித்தப்பா.

“யாரும் தர்றதில்ல. நான்தான் அவங்களுக்கு மாசாமாசம் சந்தா கட்டறேன்.”

தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எதிர்ப்பக்கம் நாடா எறிந்துகொண்டிருந்த சித்தியும் சிரித்தார். பாதிச் சேலையில் தறி நிற்பது அந்த வீட்டில் லேசில் நடக்கிற காரியமில்லை.

சிரித்து முடித்த பிறகு சித்தப்பா சொன்னதுதான் விஷயம்: “கரை போட ஆள் தேடறப்ப கை வேகத்த மட்டும் பாக்கக் கூடாதுடா. வாய் இருக்கான்னு பாக்கணும். கை பத்து நாள்ல பழகிடும். ஊமையா உக்காந்திருந்தா பொழுது எப்படிப் போவும்?” சித்தி உடனே, “அதான் முப்பது வருசமா பேசவே விடாம இவரே பேசிக்கினு இருக்காரு” என்றார். நாடா மறுபடி ஓடத் தொடங்கியது. கவனித்தேன்: இரண்டு பேர் கையும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. மருமகள் சீமந்தம், ரேஷன் கடைப் பாமாயில், எதிர்வீட்டு நாய் எல்லாம் அந்தக் கரையில் ஏறிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் விளங்கியது, பொத்தான் எதைக் கொண்டுபோயிற்று என்று. நாம் கூட்டாளி தேடுவது அரக்கனை வெட்ட என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரக்கன் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குச் சாவான். வெட்டிய மரத்தையே வெட்டிக்கொண்டிருக்கும்போது சலிப்பைப் பங்கு போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் இத்தனை நாள் கூவிக் கூவித் தேடியிருக்கிறோம்.

ரூன்ஸ்கேப்பில் பார்பேரியன் அசால்ட் என்று ஐந்து பேர் ஆட்டம் உண்டு. அதை வடிவமைத்தவருக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. தாக்குகிறவர் எந்த அம்பு போட வேண்டும் என்பது தாக்குகிறவர் திரையில் தெரியாது. வேறொருவர் திரையில்தான் தெரியும். அவர் வாய்விட்டுச் சொன்னால்தான் இவருக்கு வேலை நடக்கும். ஒவ்வொருவர் தேவையும் அடுத்தவர் கண்ணில். முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிரிகள் வரும் பத்தாவது அலையை எட்டவே முடியாது. கூட்டுக் குடும்பங்களில் புது மருமகளுக்கு இதை ஒரு மாதம் ஆடக் கொடுக்கலாம். மாமியாருக்கு இரண்டு மாதம்.

இதற்குப் பிறகு நான் ஆள் எடுக்கும் முறையை மாற்றினேன். என்ன படி, என்ன ஆயுதம் என்று யாரையும் கேட்பதில்லை. ட்ரேய்னர் என்ற கிராமத்தில் தண்ணீரோரம் வில்லோ மரத்தடியில் நின்று, “சாப்பிட்டாச்சா?” என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவேன். கேள்வி புரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். புரிந்தவர்கள் நிற்பார்கள். அப்படி நின்றவர்கள்தான் இன்று எங்கள் குழு. கோலாலம்பூரில் லாரி ஓட்டுகிறவர் ஒருவர். சென்னையில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே மரமும் வெட்டுகிற தம்பி ஒருவன். அவன் மேலாளருக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். டொரன்டோவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். “சாப்பிட்டாச்சா” என்றால் “ஓம், இடியப்பமும் சொதியும்” என்று பதில் போட்டு எங்கள் எல்லோருக்கும் பசியைக் கிளப்பிவிடுவார்.

சேர்ந்து வெட்டுவதில் லாபமும் உண்டு. 2023-இல் வந்த ஒரு மாற்றத்தின்படி ஒரே மரத்தை நாலு பேர் வெட்டினால் ஒவ்வொருவருக்கும் கட்டை கொஞ்சம் வேகமாக விழும். எங்கள் குழுவில் அந்த லாபம் கணக்கில் ஏறியதில்லை. மரம் தீர்ந்துபோனதே தெரியாமல் வெறும் அடிமரத்தைச் சுற்றி நின்று, சொதிக்குத் தேங்காய்ப்பாலை முதலில் ஊற்றுவதா கடைசியில் ஊற்றுவதா என்று சண்டை நடக்கும். அப்படியே நிற்கிறவர்களைத் தூங்கிவிட்டதாக நினைத்து விளையாட்டே வெளியே தள்ளிவிடும். திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வோம்.

போன வாரம் தொழில் புத்தியில், இதே வேகத்தில் போனால் நாங்கள் 99-ஐத் தொடுவது எப்போது என்று நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் குழுவில் சொல்லத் தொடங்கினேன். ஆண்டைச் சொல்வதற்கு முன்பே அக்கா குறுக்கிட்டார், லாரி அண்ணன் வழிமொழிந்தார், தம்பி நிறைவேற்றினான். தீர்மானம் ஏகமனதாக வந்துவிட்டது: இந்தக் குழுவில் யாரும் இனிமேல் கூட்டல் கழித்தல் செய்யக் கூடாது; மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை.