இந்தா கெளம்பிட்டேன்

எங்கள் நாட்டில் சாராயக் கடைப் பலகையில் எழுதியிருக்கும் பெயர் 'வைன் ஸ்டோர்ஸ்'. அங்கே போய் வைன் தேடுவது வெற்றிலைக் கடையில் வேட்டி தேடுகிற மாதிரி. ஒருமுறை மாவனல்லைப் பக்கம் ஒரு கடையில், கம்பி வலைக்கு வெளியே நின்று "வைன் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். உள்ளே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுல யாருக்கு சுகமில்ல?" என்றார்.

காசு கம்பிக்கு உள்ளே போகும், போத்தல் வெளியே வரும். அவ்வளவுதான் அந்தக் கடைக்கும் நமக்கும் உறவு. உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் அரநாயக்க இறப்பர்த் தோட்டப் பக்கத்தில் இருக்கவே இருக்கிறது லயத்து இஸ்தோப்பு. ஒரு கால் ஆடும் பெஞ்சு ஒன்று, கவிழ்த்துப் போட்ட பால் வாளி இரண்டு. நடுவே பழைய பேப்பரை விரித்து அவித்த மரவள்ளி, கட்டச் சம்பல், வறுத்த பலாக்கொட்டை. சம்பளம் போட்ட கிழமையென்றால் நெத்தலி டெவலும் வரும்.

இந்தச் சபையில் நிரந்தர உறுப்பினர் ஒருவர் உண்டு. எந்த லயத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்கள் லயத்தில் அவருக்குப் பெயர் 'கெளம்பிட்டேன் அண்ணன்'.

அவர் வந்ததும் உட்கார மாட்டார். ஒரு கால் படியில், ஒரு கால் வாசலில். "இல்லடா தம்பி, சும்மா இந்தப் பக்கமா வந்தேன். காலையில பால் வெட்டு இருக்கு. இந்தா கெளம்பிட்டேன்." இதைச் சொல்லும்போது மணி ஆறரை. "ஒண்ணே ஒண்ணு அண்ணே" என்று யாராவது கிளாஸை நீட்டுவோம். நின்றபடியே வாங்கிக்கொள்வார். உட்கார்ந்து குடித்தால்தான் குடித்த கணக்கு, நின்று குடித்தால் வழிப்போக்கன் தண்ணீர் குடித்த மாதிரி என்பது அவர் கொள்கை. நிற்பதில் இன்னொரு வசதியும் உண்டு. உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு முன்னால் இருக்கிற பைட்ஸ் மட்டும்தான் எட்டும். நிற்கிறவர் கைக்கு எல்லாமே எட்டும். நெத்தலியில் தலை மட்டும் மிஞ்சும்போதுதான் எங்களுக்கு இது உறைக்கும்.

அவர் சொல்கிற காரணம் பொய்யுமில்லை. அதுதான் அவருடைய பலமே. இறப்பர் பால் வெட்டுக்கு வெயில் ஆகாது. விடியற்காலையில்தான் பட்டைக்குள் அழுத்தம் கூடி பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற வரத்து சுருங்கிவிடும். ஆகவே வெட்டுக்காரன் இருட்டோடு எழும்பத்தான் வேண்டும். மழை பெய்தால் அதுவும் கிடையாது. நனைந்த பட்டையில் வெட்டினால் பால் சிரட்டைக்கு வராமல் தண்ணீரோடு சேர்ந்து மரத்தைச் சுற்றி வழிந்துவிடும். அதனால் அண்ணன் கால் மணிக்கொரு தரம் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். மேகம் கட்டியிருந்தால், "நாளைக்கு வெட்டு இருக்காது போல" என்று ஒரு கிளாஸ். நட்சத்திரம் தெரிந்தால், "நாளைக்கு உடம்பு முறியப் போகுது" என்று ஒரு கிளாஸ். வானத்தில் மூன்றாவதாக ஒரு நிலைமை இருந்திருந்தால் அதற்கும் ஒன்று வைத்திருப்பார்.

எட்டு மணிக்கு போனில் டோர்ச்சைப் போடுவார். இது இரண்டாம் கட்டம். எரிகிற டோர்ச்சோடு நின்று, முன்னொரு காலத்தில் பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் தான் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். கை ஆட ஆட வெளிச்சம் எங்கள் முகத்திலெல்லாம் ஓடும். கேள்வி முடிந்து கங்காணி பதில் சொல்வதற்குள் போன் செத்துவிடும். இருட்டில் எப்படிப் போவது? சார்ஜ் ஏறும்வரை இருந்துதானே ஆக வேண்டும்.

வீட்டுக்கார அக்கா மட்டும் அவரை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார். உள்ளேயிருந்து, "அண்ணே, கெளம்பிட்டீங்களா, இல்ல சோறு போடட்டா?" என்று குரல் வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அண்ணன் முதன்முறையாக வாளியில் உட்காருவார்.

அக்காவிடம் ஒருநாள் சட்டம் பேசினேன். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே, நீக்கியதை நீக்கும்படி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொல்லிவிட்டார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாங்குறதுக்குத்தானே தடை? கிளாஸ் கழுவுறதுக்குத் தடை போட மாட்டாங்களா?" என்றார். அன்றைக்கு கிளாஸை நாங்களே கழுவினோம். அண்ணன் கழுவவில்லை. அவர்தான் கிளம்பிவிட்டாரே.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். 2016 மே 17ஆம் திகதி எங்கள் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய பக்கமெல்லாம் மண்ணுக்குள் போனது. அதற்குப் பிறகு, விடாமல் அடிக்கிற மழையில் இஸ்தோப்பில் கூட்டம் சேர்வதில்லை. தப்பித்தவறிச் சேர்ந்தாலும் அன்றைக்கு அண்ணன் சொல்லிக்கொள்ள மாட்டார். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. தன் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண் கரையை டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். அன்றைக்கு மட்டும் போனில் சார்ஜ் இருக்கும்.

மற்ற நாளெல்லாம் பழைய கதைதான். பத்து மணிக்கு நாங்கள் நாலு பேரும் பீலிக்கரை வரை போய் அவரை வழியனுப்புவோம். அங்கே நின்று கங்காணி சொன்ன பதிலைச் சொல்வார். திரும்பி வந்து, போத்தல் எவ்வளவு, நெத்தலி எவ்வளவு என்று பங்கு பிரிப்போம். "அஞ்சாப் போடவா, நாலாப் போடவா?" என்று ஒருவன் கேட்பான். "அண்ணன் ஆறரைக்கே கெளம்பிட்டாரேப்பா" என்பான் இன்னொருவன். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரி. ஆறரைக்கு அவர் கிளம்பியதை எல்லோரும்தான் காதால் கேட்டோம்.

போன மாதம் ஒரு திட்டம் போட்டோம். அண்ணன் படியில் கால் வைத்ததும் நாலு பேரும் எழும்பி, "நாங்க கெளம்புறோம் அண்ணே, காலையில வேலை" என்றோம். மனிதர் ஆடிப்போய்விட்டார். "வந்ததும் வராததுமா என்னடா அவசரம்? உக்காருங்கடா" என்று பெஞ்சில் நடுநாயகமாக அமர்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். அன்றைக்குப் பதினொரு மணியாகிவிட்டது, இரண்டாவது போத்தலும் வந்தது.

மறுநாள் விடியற்காலை பெரட்டில் கண் சிவக்க நின்றுகொண்டிருந்தேன். பால் வாளியோடு அண்ணன் பளிச்சென்று வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "நான் அப்பவே கெளம்பிட்டேன். இவனுங்கதான் ராத்திரி எவ்வளவு நேரம் இருந்தானுங்களோ!"