37 இன்ச் ஜீப் அண்ணா

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் தெருவுக்கு ஒரு ஜீப் அண்ணா கட்டாயம் உண்டு. பகலில் ஏதோ ஒரு வங்கிக்கு டேட்டாபேஸ் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் டயர் பார்ப்பார்.

வண்டி ஜீப் ராங்லர், அதிலும் ரூபிகான். கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலைக்குள் பாறையும் பள்ளமுமாகக் கிடக்கும் பாதையின் பெயர் அது. 2003 மாடலிலிருந்து ஜீப்புக்கும் வந்தது. ஃப்ரிஸ்கோவோ தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். இந்த வட்டாரத்தில் உயரம் என்றால் டல்லாஸில் ஐந்தடுக்காக நிற்கும் ஹை ஃபைவ் மேம்பாலம்தான். அதைக் கரோலாவும் ஏறிவிடுகிறது.

கம்பெனி கொடுத்த 33 இன்ச் டயர் அண்ணாவுக்குப் பற்றவில்லை. லிஃப்ட் கிட் போட்டு வண்டியைத் தூக்கி, 37 மாட்டினார். "எதுக்குண்ணா?" என்று பிறந்தநாள் விருந்தில் யாராவது கேட்டுத் தொலைத்தால் போச்சு. பேப்பர் தட்டில் இரண்டு இட்லி, நடுவே ஒரு முருங்கைக்காய்த் துண்டு. அதுதான் ஆக்ஸில்.

"லிஃப்ட் போட்டா பாடிதான் மேல போகும் தம்பி. ஆக்ஸில் இருந்த இடத்துலயே இருக்கும். அதைத் தூக்கணும்னா டயர் பெருசாகணும். நாலு இன்ச் பெரிய டயர் போட்டா ஆக்ஸிலுக்குக் கிடைக்கிறது ரெண்டு இன்ச்."

சொல்வது முழுக்கச் சரி. அந்த ரெண்டு இன்ச்சுக்கு என்ன செலவாச்சு என்றால் மட்டும் சாம்பார் ஊற்றிக்கொள்ளப் போய்விடுவார்.

செலவு டயரோடு நிற்பதில்லை. கனத்த டயரை உருட்ட இஞ்சின் முக்கும், ஆக்ஸிலில் 4.10 கியரை எடுத்துவிட்டு 4.88 போட வேண்டும். ஸ்டெப்னியும் 37தானே, பின்கதவுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். பெரிய டயர் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. புது அளவை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற வரை, முள் 65 மைல் காட்டும்போது வண்டி 73இல் போய்க்கொண்டிருக்கும். ஓரம்கட்டிய போலீஸ்காரரிடம் இட்லிக் கணக்கெல்லாம் எடுபடாது.

வீட்டில் மைலேஜ் சண்டை வந்தால் இதையே ஆயுதமாக்குவார். "மீட்டர் கம்மியா காட்டுதுப்பா, நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடத்தான் குடுக்குது." இதுவும் சரிதான். அண்ணி பேசாமல் கேஸ் ஸ்டேஷன் ரசீதை நீட்டுவார்.

உச்சம், ஊரிலிருந்து அம்மா வந்து இறங்கும் நாள். ஏர்போர்ட் பார்க்கிங்கில் அம்மா ஒரு கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிடிமானம் தேடி, காலைத் தூக்குவார். கால் பாதி உயரத்தில் நின்றுவிடும்.

"ஏண்டா, இவ்ளோ காசு வாங்கினவன் ஒரு படி வச்சுத் தரமாட்டானா?"

"இருந்துச்சும்மா. பாறையில இடிக்கும்னு நான்தான் கழட்டிட்டேன்."

அம்மா பார்க்கிங்கை ஒரு சுற்றுப் பார்ப்பார். "எங்கடா பாறை?"

பாறை கிழக்கே கில்மர் ஊர்ப் பக்கம், பார்ன்வெல் மவுன்டனில் இருக்கிறது. ஜீப்காரர்கள் ஏறி இறங்குவதற்கென்றே உள்ள இடம். போக இரண்டு மணி நேரமாவது ஆகும். அண்ணாவும் போவதாகத்தான் இருக்கிறார். சனிக்கிழமை பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை அனுமார் கோயில். மட்கார்டில் இருக்கும் சேறு செலைனாவில் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டு மனையில் ஒட்டியது. அதைக் கழுவ விடமாட்டார்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 2021 பிப்ரவரியில் பனி கொட்டி, கரன்ட் போய், டெக்சாஸே விறைத்துக் கிடந்தபோது, பால் கேனும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர்கள் இந்த அண்ணாக்கள்தான். நாலு சக்கரமும் இழுத்தால் பனியில் வண்டி கிளம்பும். பிரேக் பிடிக்கும்போது அந்தச் சக்தி உதவாது. அது தெரிந்து மெதுவாகத்தான் ஓட்டினார்கள். அதுவரை சிரித்த கரோலாக்காரர்கள் கதவைத் திறந்து கேனை வாங்கிக்கொண்டார்கள்.

ஃப்ரிஸ்கோ பக்கம் வந்தால் அவர் வண்டியில் ஒரு ரவுண்டு போய் வாருங்கள். வேட்டி என்றால் மடித்துக் கட்டிக்கொண்டு ஏறலாம். புடவைக்காரர்களுக்கு டிக்கியில் பிளாஸ்டிக் முக்காலி உண்டு. அம்மாவுக்காக வாங்கியது.