தலையோடு தலை சேருதலும் பேன் பரவலும்: ஒரு வாசற்படி ஆய்வு

மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் பரிமாறப்படுவது அறிவு என்பதே இதுவரை கல்வியாளர்களின் துணிபு. அறிவைவிட விரைந்து பரவும் வேறொன்றும் அங்கே உண்டு என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுப் பொருளான தலைப்பேன் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ளது. ஆறு கால். சிறகு கிடையாது, தாவவும் வராது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் நடக்கும், அவ்வளவுதான். தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாளில் செத்துப்போகும். இப்படிக் கால்நடையாகப் போகிற பிராணி ஒரு வகுப்பையே பிடித்துவிடுகிறது என்றால், பாலம் போட்டுக் கொடுத்தது யார்?

முன்னோரும் இதில் உழைத்திருக்கிறார்கள். பழைய கானான் நாட்டின் லாகீஷ் நகரில் கிடைத்த, சுமார் 3,700 ஆண்டுப் பழைய தந்தச் சீப்பில், முடியிலும் தாடியிலும் உள்ள பேனை இது ஒழிக்கட்டும் என்ற வேண்டுதலைப் பொறித்திருக்கிறார்கள். நம் பொருநராற்றுப்படையில் பொருநனின் கந்தலில் ஈரும் பேனும் குடியிருந்தன. கரிகாலன் பட்டாடை கொடுத்து விவகாரத்தை முடித்தான். துணிப்பேன் என்பதால் முடிந்தது. தலையை மாற்றிக் கொடுக்க எந்த வள்ளலாலும் ஆகாது.

இனிக் களப்பணி. ஞாயிற்றுக்கிழமை காலை, மேல்படியில் பாட்டி, கீழ்ப்படியில் பேத்தி, மடியில் வெள்ளைத் துணி. ஈர்வலி ஒரு இழுப்பு இழுக்கும். விழுந்ததை இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கிடையில் வைத்து நசுக்கினால் ‘டிக்’. விசாரணையும் கூடவே நடக்கும்.

“ஆடாம இருடி. யார் பக்கத்துலடி உக்கார்ற?”

“யார் பக்கத்துலயும் இல்ல ஆயா.”

குற்றவாளி எதிர்வீட்டுப் பெண்தான் என்று தீர்ப்பாகிறது. அதே நேரம் எதிர்வீட்டுப் படியில் இவள் பெயர் அடிபடுகிறது. இரண்டு தீர்ப்பிலும் ஓட்டை உண்டு. முதல் தடவை பேன் பிடித்தால் அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதாவது குற்றம் போன மாதத்துப் பெஞ்சில். விசாரணையோ இந்த மாதத்துப் பெஞ்சில்.

ஈரத்தலையோடு பின்னியது, அழுக்கு, இனிப்பான ரத்தம் என்று தெருவில் உலவும் கோட்பாடுகள் பல. பேன் இவற்றில் எதையும் படித்ததில்லை. எண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்ட தலையும் அதற்கு வீடுதான். உண்மையான ஆபத்துக் காரணிகள் வேறு: ஒரே பாயில் அக்காள் தங்கை உறங்குவது, ஒரே சீப்பு, நீண்ட கூந்தல், எல்லாவற்றுக்கும் மேலாக ரகசியம். ஒருத்தி காதில் இன்னொருத்தி ரகசியம் சொல்லும் நேரத்தில் பேன் இரண்டு சடைகளையும் கடந்துவிடும். பையன்களுக்குக் குறைவாக வருவதற்குக் கிராப்பும் காரணம். அவர்கள் ரகசியத்தைக் கத்திச் சொல்வதும் காரணமாகலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆகவே பேன் என்பது சிநேகத்தின் அளவுமானி. தோழியில்லாத பிள்ளைக்கு அது வருவது அபூர்வம்.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் செயல்முறையும் பரிசோதிக்கப்பட்டது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள். அது முட்டையிடும் பேனாக வளர ஏறத்தாழ இன்னும் அவ்வளவு. பேனைப் பெருமாளாக்கும் இரண்டாம் கட்டம் ஆய்வகத்தில் கைகூடவில்லை, உறவினர் வீடுகளில் மட்டுமே கண்டோம்.

சிகிச்சையில் ஓர் எச்சரிக்கை மட்டும்: சீத்தாப்பழ விதைப் பொடி கண்ணில் பட்டால் கண்ணையே பதம் பார்த்துவிடும். மருந்துக்கடை பெர்மெத்ரினைப் போட்டாலும் ஈர் சில தப்பும். ஒன்பது பத்து நாள் கழித்து மறுபடி போடவேண்டும், வீட்டில் எல்லாத் தலையையும் பார்த்தாக வேண்டும். இங்கேதான் ஆய்வு தடைபட்டது. அப்பாக்களின் தலையைப் பற்றிய தரவு எதுவும் கிடைக்கவில்லை. அணுகியவர்கள் அனைவரும், “அதெல்லாம் உங்க அம்மாகிட்ட காட்டு” என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்கள், ஒரு கையால் பிடரியைச் சொறிந்தபடி.