நத்தை இல்லை, கொசுவத்தி

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். சிரங்குக்காவது களிம்பு இருக்கிறது. நான் பகலில் கணக்கெழுதிப் பிழைப்பவன். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில், லாரியின் பழைய பிரேக் டிரம்தான் என் உலை. கீழே ஒரு குழாய், குழாய்க்குக் காற்றடிக்கக் கையால் சுற்றும் புளோயர். புளியமரக் கட்டையில் பதித்த சம்மட்டித் தலை பட்டறைக் கல். கரி கொட்டாங்கச்சியிலிருந்து, கம்பியும் பட்டையும் காயலான் கடையிலிருந்தும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலிருந்தும்.

அரிவாள், கடப்பாரை பக்கம் போவதில்லை என்பது கொள்கை முடிவு. யாருக்கும் உபயோகப்படாத சாமான் மட்டும்தான்: நத்தை, பாம்பு, பொம்மைக்கு ஆயுதம். விளையாட்டுதானே, முன்னே பின்னே இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நான் இதுவரை போட்ட கணக்குகளில் இதைவிடத் தப்பான கணக்கு கிடையாது.

முதலில் நத்தை. கம்பியின் ஒரு பக்கத்தைக் கூராக இழுத்துச் சுருட்டினால் ஓடு. மறு பக்கத்தை உளியால் பிளந்தால் கொம்பு. கேட்பதற்குச் சுலபம். உருண்டைக் கம்பியைக் கூராக்க முதலில் சதுரமாக அடிக்க வேண்டும், சதுரமாகவே இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில்தான் உருட்ட வேண்டும். நான் தொடக்கத்திலிருந்தே உருட்டி உருட்டி அடித்தேன். நுனி உள்ளுக்குள் வெடித்து நார்நாராகப் பிளந்தது. அதை வெட்டியெறிந்துவிட்டுச் சுருளைச் சுற்றினேன். கொம்பு வைக்கும் வேளையில் புளோயரை ஆர்வமாகச் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது. கொம்பு இரண்டும் பொறியாகப் பறந்தன.

ஆறியதும் வீட்டில் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கொசுவத்தி ஸ்டாண்டா?” என்றாள் மனைவி. வைத்துப் பார்த்தோம். கொசுவத்தியும் நிற்கவில்லை.

கொம்பு ஏன் எரிந்தது என்று கேட்க, வில்லியனூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரியிடம் போனேன். பட்டப்பகலில் கூரைக்குள் இருட்டு. பல்பு போடாதது சிக்கனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காய்ந்த இரும்பின் வெப்பம் அதன் நிறத்தில் இருக்கிறது: மங்கல் சிவப்பு என்றால் ஏறக்குறைய 700 டிகிரி, ஆரஞ்சு என்றால் 950, மஞ்சள் என்றால் 1,100. வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம். நிழலில்தான் இதெல்லாம் தெரியும். சித்திரை வெயிலில், மொட்டை மாடியில் மஞ்சளும் மங்கித்தான் தெரியும். “இன்னும் காயல, இன்னும் காயல” என்று நான் சுற்றிக்கொண்டிருந்தபோது இரும்பு எப்போதோ காய்ந்து, என்னைப் பார்த்துச் சலித்துப் போயிருக்கிறது.

“இரும்படிக்கிற எடத்துல ஈக்கு என்ன வேலைம்பாங்க. நீங்க வாங்க சார், பரவால்ல” என்று ஆசாரி ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அடுத்தது கொலுவுக்கு. வில்லியனூர்ச் சுடுமண் அய்யனார் ஒருவர் எங்கள் வீட்டுக் கொலுவில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு விரல் நீளத்தில் ஓர் அரிவாள் செய்தேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய துண்டு. வளைவு அபூர்வமாக ஒழுங்காக வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். அசல் அரிவாள் என்றால் தோய்ச்சல் வேண்டாமா என்று ரோஷம் வந்தது. காந்தம் ஒட்டாத பதம் வரும்வரை காய்ச்சி, பக்கெட் தண்ணீரில் முக்கினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். வெளியே எடுத்தால், விளிம்பிலிருந்து முதுகுவரை மயிரிழை போல ஒரு கோடு. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் அதிகம். தண்ணீர் அதைத் தாறுமாறான வேகத்தில் குளிரவைக்கும். மெல்லிய விளிம்பு ஒரு கணக்கில் இறுகும், தடித்த முதுகு வேறு கணக்கில் இறுகும், நடுவில் விரிசல் விழும். நிதானமாகக் குளிரவைக்கும் எண்ணெயில் தோய்த்திருக்க வேண்டும். பிறகு வெளிர் மஞ்சள் நிறம் ஏறும்வரை இளஞ்சூடு காட்டினால் நொறுங்கும் குணமும் குறையும்.

ஆசாரி துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அய்யனார் இத வெச்சு என்ன சார் வெட்டப்போறாரு? பொம்மைக்கு எதுக்குத் தோய்ச்சலு?”

பாட்டில் ஓப்பனர் கதையைச் சொல்லாவிட்டால் நான் புதுச்சேரிக்காரன் இல்லை. படமெடுத்த பாம்பின் வாய் மூடியைக் கவ்வுவதாக வடிவமைப்பு. பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், சோதனைக்கென்று சொந்தச் செலவில் பீர் கொண்டுவந்தார். 1892-ல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை வாங்கிய மூடிதான் இன்றும் பாட்டில் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அன்று 24 பல், இன்று 21. அதைத் திறக்க, ஓப்பனரின் ஒரு முனை பல்லுக்கு அடியில் கவ்வும்போது மறு முனை மூடியின் மேல் அழுந்த வேண்டும். என் பாம்பு வாயை அகலமாகத் திறந்திருந்தது. மறு முனை மூடியைத் தாண்டிப் போய்விட, கவ்விய முனை கழுத்துக் கண்ணாடியைச் சில்லு பெயர்த்தது. தாத்தா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு பாட்டிலை எடுத்து, பழைய கதவின் நாதாங்கியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். திறந்துகொண்டது. பெயர் தெரியாத ஒரு கொல்லர் கதவைச் சாத்துவதற்காக அடித்த இரும்பு அது.

துருவும் என்னோடு விளையாடியது. கடலோர ஊர்; உப்புக் காற்று ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்னும். நத்தைக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன். அது காயாத எண்ணெய். பிசுபிசுவென்று இருந்துகொண்டு மாடித் தூசியையெல்லாம் சேர்த்துக்கொண்டது. ஆளிவிதை எண்ணெயைச் சூடான இரும்பில் தேய்த்திருந்தால் காற்றோடு சேர்ந்து படலமாக இறுகியிருக்கும். என்ன, இந்தக் கரையில் இரும்பிடம் தோற்றவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1866-ல் திறந்த இரும்புத் துறைமுகப் பாலம் 1952 புயலில் விழுந்தது. தெற்கே பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் தொடங்கிய இரும்பாலையும் நட்டத்தில் தள்ளாடிக் கடைசியில் மூடப்பட்டது. இந்த ஆறுதலும் வீட்டில் எடுபடவில்லை. தமிழ் மண்ணில் இரும்புக்கு 5,300 ஆண்டு வயது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த செய்தியைப் படித்துவிட்டு, “அவ்வளவு நாள் ஓடின வேலை, உங்ககிட்ட வந்து நின்னுபோச்சே” என்றாள் மனைவி.

அந்த வேலை நின்றுபோகாத இடங்களும் உண்டு. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், கொண்டாகாவ் கொல்லர்கள் பழைய இரும்பைத் தட்டி மானும் மயிலும் விளக்குமாகச் செய்கிறார்கள். மெலிந்த நாலு கால், திரும்பிய கழுத்து, அவ்வளவுதான்; ஆனால் மான் என்று குழந்தை சொல்லும். கலப்பைக்கும் அரிவாளுக்கும் பழகிய கை அது. நான் படியேறாமல் மாடிக்குத் தாவப் பார்த்தவன். கோணலான கொக்கியிலும் சட்டையை மாட்டலாம். கோணலான நத்தையை என்ன செய்வது? உபயோகமுள்ள பொருளுக்கு அசிங்கமாக இருக்க அனுமதி உண்டு, ‘வேலை நடக்குதில்ல’ என்று விட்டுவிடுவார்கள். விளையாட்டுப் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பார்த்ததும் சிரிப்போ வியப்போ வராவிட்டால் அது காயலான் கடைக்குத் திரும்பிப் போக வேண்டிய எடைதான். வேலை தெரிந்தவருக்குத்தான் விளையாட்டும் வரும் என்பதை ஆசாரி முக்காலியைத் தள்ளிவிட்டபோதே சொல்லிவிட்டார், எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஆகவே இப்போது கொக்கி அடிக்கிறேன். சதுரமாக இழுத்து, நிழலில் நிறம் பார்த்து, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, எல்லாம் முறைப்படி. கோணல்தான், ஆனால் என் கனமான ஜீன்ஸைத் தாங்குகிறது. அதைச் சுவரில் பொருத்தியவனும் நானே என்பதால், ஜீன்ஸும் கொக்கியும் ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து இப்போது தரையில் இருக்கின்றன.