வளையச் சாலையில் வலமா, இடமா?

ஐஸ்லாந்தின் ஓரத்தை ஒட்டி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் 1ஆம் எண் நெடுஞ்சாலை வளையச் சாலை எனப்படும். வாடகைக் காரிலோ கேம்பர் வேனிலோ அதன் மேல் சென்று, பகலில் அருவி பார்த்து, இரவில் கூடாரம் அடித்துத் திரும்புவது வளையப் பயணம். திரும்பாதது பயணமன்று, குடியேற்றம் என்க. இதன் இலக்கணம் நிலம், காலம், திசை, உறையுள், உணவு, விலங்கு என அறுவகைப்படும். காசு என ஏழாவதொன்றைக் கூட்டுவாரும் உளர். அது மற்ற ஆறினுள்ளும் கலந்து நிற்பதால் இங்கே தனியே எண்ணப்படவில்லை.

நிலம்

சாலையின் நீளம் சுமார் 1,320 கி.மீ. துல்லியமான எண்ணில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. சாலையே அவ்வப்போது வழியை மாற்றிக்கொள்வது காரணம். 2017இல் கிழக்குப் பகுதியில் மலைவழியிடமிருந்து எண் 1 பறிக்கப்பட்டுக் கடலோர வழிக்குத் தரப்பட்டது. கடைசிச் சரளைத் துண்டுக்குத் தார் விழுந்தது 2019இல்தான்.

வளையம் முழுமையானது 1974இல், தெற்கே ஸ்கெய்தாரா ஆற்றின் மேல் 880 மீட்டர் நீளப் பாலம் எழுந்தபோது. 1996இல் வாட்னயோகுல் பெரும்பனிக்கு அடியில் எரிமலை வெடிக்க, உருகிவந்த வெள்ளம் பாலத்தில் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. பாலத்தைச் சீராக்கினார்கள். 2009இல் ஆறு வேறு தடத்தில் போய்விட்டது. பாலம் மட்டும் நின்றது. ஆறு போன பின்னும் பாலம் நிற்பதை, மூலநூல் தொலைந்த பின்னும் உரைநூல் நிற்பதற்கு உவமையாக்குவர். பாலத்துக்கு இழுக்கு என்பதால் அவ்வுவமை இங்கே விரிக்கப்படவில்லை.

எண்ணுக்கு முன் எஃப் எழுத்து பெற்ற மலைச்சாலைகள் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கே உரியன.

காலம்

கோடை. ஜூன் மாதத்தில் இருட்டு என்பதே இல்லையாதலால் 'இரவு' என்பது அங்கே பெயரளவில் நிற்கும். கண்ணைக் கட்டிக்கொள்ளத் துணி எடுத்துச் செல்க.

திசை

இயல்களுள் பெரியது இது. தீவின் தென்மேற்கில் உள்ள ரெய்க்யாவிக்கிலிருந்து தெற்குக் கரை வழியே இடஞ்சுழியாகப் போவதா, வடக்கு நோக்கி வலஞ்சுழியாகப் போவதா என்பது வினா.

இடஞ்சுழியார் கூறுவது: செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் அருவிகள், விக் ஊரருகே கருமணல் கரை, யோகுல்சார்லோன் பனிக்கட்டி ஏரி ஆகிய புகழ்பெற்றவை எல்லாம் தெற்கிலேயே உள. கால் ஓயுமுன் அவற்றைக் கண்டுவிடலாம். மேலும் ஐஸ்லாந்தில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். இடஞ்சுழியாகப் போனால் கடலும் வலப்பக்கமே வரும். எதிர்த்தடத்தைக் கடக்காமல் கடலோரம் ஒதுங்கலாம்.

வலஞ்சுழியார் கூறுவது: இலை போட்டதும் பாயசம் ஊற்றுவார் இல்லை, சிறந்தது கடைசியில் வரவேண்டும். பிரகாரம் சுற்றுவோர்க்கு மூலவர் வலக்கைப் பக்கம் இருத்தல் போல், தென்கிழக்கில் வீற்றிருக்கும் வாட்னயோகுலும் வலக்கைப் பக்கமே இருக்கும்.

இதன்பின் மறுப்புகள் தொடங்கும். 1968 மே 26 வரை ஐஸ்லாந்தில் வண்டிகள் இடப்பக்கமே ஓடின. ஆகவே கடலோரம் ஒதுங்கும் வாதம் முன்னோர்க்குப் பொருந்தாது என்றார் ஒருவர். 1974க்கு முன் வளையமே முடியவில்லை. சுற்றாத முன்னோர்க்குத் திசை ஏது என்று மறுத்தார் மற்றொருவர். மறுத்தவரின் மாணவர், இடஞ்சுழியாரின் முதல் நூலின் மூன்றாம் பதிப்பில் 'உடல்' என்றிருந்ததே அச்சுப்பிழையால் 'கடல்' ஆயிற்று எனக் கண்டார். நூலாசிரியர் சொன்னது வலப்பக்கம் சரிந்து உறங்குவதைத்தான் என நிறுவி முனைவரும் ஆனார். அந்த ஆய்வேட்டில் 'சரிந்து' என்பதற்கு மட்டும் நாற்பது பக்க விளக்கம் உண்டு. பக்கம் 31இல் விளக்கமும் சரிந்துவிடுகிறது. இவர்களில் எவரும் தீவுக்குப் போனதில்லை. போய்வந்தவர் இப்பொருளில் ஆய்வேடு எழுதியதில்லை.

யோகுல்சார்லோன் வரை போய், வந்த வழியே திரும்புவோர் மூன்றாம் கட்சியார். வளையம் முற்றாமையால் இது வினையெச்சம். ஐந்து நாள் மட்டும் விடுப்புள்ளவர்க்கு எச்சமே தகும். முற்றுக்கு ஏழு முதல் பத்து நாள் வேண்டும். வானிலை அறிக்கையைப் பார்த்து, புயல் இல்லாத பக்கம் புறப்படுவது உலக வழக்கு. உலக வழக்காதலால் நூல்களில் இடம்பெறவில்லை.

உறையுள்

கேம்பர் வேனிலோ கேரவனிலோ முகாம் திடலுக்கு வெளியே இரவு தங்க, 2015 முதல் சட்டப்படி நில உரிமையாளரின் இசைவு வேண்டும். திடல்களில் பல செப்டம்பரில் மூடப்படும். கூடாரத்துக்கு எத்தனை முளை அடிப்பது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை: கைவசம் உள்ள எல்லாம்.

குளிக்க, ஊர்தோறும் வெந்நீர் நீச்சல் குளம் உண்டு. குளத்தில் இறங்குமுன் நீச்சலுடையும் இன்றிச் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். இவ்விதிக்குப் புறனடை தேடிப் போன உரைகாரர்கள் நனையாமல் திரும்பினர்.

உணவு

அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இறங்கிய பின் வாங்குக. ஸ்கீர் என்பது பார்வைக்குக் கெட்டித் தயிர், பிறப்பால் பாலாடைக்கட்டி. எவ்வகை என்னும் ஐயம் ஊறுகாய் தொட்டதும் தீரும்.

விலங்கு

ஆடு. கோடையில் செம்மறிகள் வேலியின்றி மேயும். தாய் ஒருபுறமும் குட்டி மறுபுறமும் நின்றால் இரண்டில் ஒன்று சாலையைக் கடக்கும் எனக் கொண்டு வேகத்தைக் குறைக்க. வேக வரம்பு தார்ச் சாலையில் மணிக்கு 90 கி.மீ., சரளையில் 80, ஊருக்குள் 50. ஒற்றைத் தடப் பாலத்தில் முதலில் வந்தவர் முதலில் போகலாம். ஆட்டுக்கு இவ்விதி தெரியாது.

காசு, தனியே எண்ணப்படாதது, கதவின் வழியே உள்ளே வரும். வண்டியைக் காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, கதவை இரு கையாலும் பிடித்துத் திறக்க. காற்று முறுக்கிய கதவுக்குப் பெரும்பாலான வாடகைக் காப்பீடு பணம் தராது. வலஞ்சுழியார்க்கும் இடஞ்சுழியார்க்கும் ஒருங்கே உடன்பாடான முடிபு இது ஒன்றே.