‘கட்டுவம்’ அண்ணர்

வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு என்றவரை ஊர் இன்னும் பகிடி பண்ணுகிறது. அவருடைய வாரிசு இன்று சந்தியடித் தேத்தண்ணிக் கடையில் வீற்றிருக்கிறார். லீசிங் கம்பனித் தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “அண்ணை, மூண்டு மாதக் கட்டுக்காசு நிலுவையில நிக்குது” என்றால், “அராலிக் கடலில இறால் நல்லாப் படுதாம், அறிஞ்சனீரோ தம்பி?” என்பார். விடாமல் நெருக்கினால், “கட்டுவம், நான் எங்க ஓடப்போறன்?” அந்தச் சொல்லாலேயே இவரைக் ‘கட்டுவம்’ அண்ணர் என்று அழைப்போம். இவர் ஒரு தனி ஆளல்லர்; சங்கரத்தையில் பார்த்தாலும் சித்தங்கேணியில் பார்த்தாலும் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார். தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை எடுக்கமாட்டார். நினைவூட்டல் கடிதங்களை உடைக்காமல் சுவர்க் கலண்டருக்குப் பின்னால் செருகுவார். அந்தக் கலண்டர் இப்போது சுவரிலிருந்து நாலு விரற்கடை முன்னே தள்ளி நிற்கிறது.

இவரை ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிடுவது சுலபம், ஆனால் சாட்சியம் அதற்கு இடங்கொடாது. சீட்டுப் பிடிக்கிற அக்காவுக்கு மாதம் பிறந்த மூன்றாம் நாள் காசு போய்விடும். மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்தால் வட்டி பிந்தாது. பலசரக்குக் கடைக் கொப்பியில் பேர் இருந்தால் கடைக்காரரின் வாசலால் போகாமல் சுற்றுப் பாதை பிடிப்பார். பிறகு வெட்கம் தாங்காமல் தாமே போய்க் கட்டுவார். ஆகவே அண்ணர் நாணயமானவர்தான், ஆனால் முகம் பார்த்து நாணயமானவர். இந்தக் குணத்துக்கு வேரும் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் அடைவுக்கும் ஒற்றிக்கும் விதிகள் உண்டு. காணியை விற்பவன் உரித்தாளருக்கும் பங்காளிக்கும் ஒற்றிக்காரனுக்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என்ற வழமையும் உண்டு. கடன் முற்றிக் காணி கைமாறும்போது அயலுக்குத் தெரியாமல் இராது. ஊரின் கண்தான் அன்றைய பிணை.

லீசிங் கம்பனியின் தலைமையகத்துக்கோ முகமில்லை. அண்ணர் சறுக்குவது இங்கேதான். அந்தக் கண்ணின் வேலையை இன்று செய்வது 1989ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் கொழும்பில் அமைந்த கடன் தகவல் பணியகம். ஊர் வாயில் அது ‘கிறிப்’. “என்னைக் கிறிப்பில கறுப்புப் பட்டியலில போட்டிட்டாங்கள்” என்று அண்ணர் ஏழரைச் சனியைச் சொல்வதுபோலச் சொல்வார். அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. கொடு என்றோ கொடாதே என்றோ பணியகம் சொல்வதுமில்லை. எங்கே எவ்வளவு எடுத்தார், எவ்வளவு பிந்தினார், யாருக்குப் பிணை நின்றார் என்பதை, கேட்கும் வங்கிக்குக் காட்டும், முடிவு வங்கியுடையது. நிலுவையைக் கட்டி முடித்தாலும் பிந்திய வரலாறு உடனே அழிந்துவிடாது. பல வருடமாகச் சீட்டுக்காசு பிந்தாத பெருமையோ அங்கே ஒரு வரியாகக்கூட ஏறாது. எனவே வீடு திருத்த லோன் கேட்டுப் போகிற அண்ணர் வெறுங்கையோடு திரும்பி, மீற்றர் வட்டிக்காரரின் படலையைத் தட்டுகிறார். அண்ணருக்குப் பிணை கையெழுத்து வைத்த வாத்தியார் மச்சானும், தம் பங்குக்கு லோன் கேட்கும்போதுதான் அண்ணரின் புகழை அறிகிறார்.

“குற்றம் கம்பனிகளில் இல்லையோ?” என்று கேட்கலாம். இருக்கிறது. 2009இல் போர் முடிந்த கையோடு ஏ9 வீதியால் வந்த கடன்களில் பல, வாங்குபவரின் வருமானத்தைப் பாராமல் கொடுக்கப்பட்டவை. 2018இல் வடகிழக்கு உட்பட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையான, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. ஆனால் அந்தப் பெண்களின் நிலை வெளியே வந்தது அவர்கள் வாய் திறந்ததால். கலண்டருக்குப் பின்னால் கிடக்கும் கடிதம் யாருக்கும் நியாயம் சொல்லாது. உழைப்பிழந்தவரின் பிந்தலும் அசட்டைக்காரரின் பிந்தலும் அறிக்கையில் ஒரே எண்ணாகத்தான் விழும். வித்தியாசத்தை எடுத்துச் சொல்லவேண்டியவர் கடனாளிதான். பதிவே பிழையென்றால், தம் அறிக்கையைத் தாமே எடுத்துப் பார்த்துத் திருத்தக் கேட்கவும் வழியுண்டு.

அண்ணரின் கடைசி அஸ்திரம்: “நாடே கட்டேல்லை, நான் என்னத்துக்கு?” உண்மை, 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்திவைத்தது. ஆனால் நாட்டுக்கும் ஒரு கிறிப் உண்டு. பிட்ச், மூடிஸ் போன்ற கடன்தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அதன் தரத்தைக் கீழே இறக்கின. சந்தையில் கடன் கதவு அடைபட்டது. பிறகு இரண்டு வருடத்துக்கு மேலாகக் கடன் கொடுத்தவர்களோடு பேசி, 2024 டிசம்பரில் பழைய பிணைமுறிகளைப் புதியவற்றுக்கு மாற்றிய பின்னரே பிட்ச்சும் மூடிஸும் தரத்தைச் சற்று உயர்த்தின. நாடு செய்ததில் முதற்பாதியை மட்டும் அண்ணர் பின்பற்றுகிறார். மறுபாதிக்கு அவருக்கு, கடன் கொடுத்த நாடுகள் கூடிப் பேசும் பாரிஸ் கிளப் தேவையில்லை. கிளைக்குப் போய் மெனேஜருக்கு எதிரே குந்தி, தவணையை நீட்டித் தரும்படி கேட்டால் போதும். மெனேஜருக்கும் ஒரு முகம் உண்டு. அதை ஒருக்கால் நேரே பார்த்துவிட்டால், கட்டாமல் இருக்க அண்ணராலேயே முடியாது.