ஈ ஓட்டாதவன்

வியாபாரம் படுத்துவிட்டால் கடைக்காரர் ஈ ஓட்டுவார். நான் முருங்கை மரத்தடியில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு, "போயிடாதே, அப்படியே இரு" என்று ஈயிடம் கெஞ்சுகிறவன். ஓய்வு பெற்ற மூன்று வருடமாக இதுதான் பிழைப்பு. ஆயிரம் படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எந்தப் படத்தைக் காட்டி என்ன குடும்பம் என்று கேட்டாலும் சட்டென்று சொல்வேன். சொன்னது தப்பாக இருக்கும்.

முதல் சறுக்கல் துளசிப் பூவில். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒன்றைப் படமெடுத்து, "தேனீ, கிட்டப் போகாதே" என்று அக்கா மகளை மிரட்டினேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு ரெண்டு இறக்கைதானே இருக்கு?" என்றாள். தேனீக்கு நான்கு. ஈக்களுக்குப் பின்னிறக்கை இரண்டும் சுருங்கிக் குண்டூசி மாதிரி ஆகி, பறக்கும்போது தள்ளாடாமல் காக்கும் வேலைக்குப் போய்விட்டன. வந்திருந்தது சிர்ஃபிடே குடும்பத்து ஈ. கொடுக்கே கிடையாது, வேஷம் மட்டும்தான்.

அப்புறம் கவனமானேன். அதுதான் வினை. கண்ணில் கோடு போட்ட ஓர் ஈயைப் பிடித்து, "எரிஸ்டாலினஸ், சிர்ஃபிடே குடும்பம்" என்று பூச்சியியல் படிக்கும் தம்பிக்குப் பெருமையாக அனுப்பினேன். "இல்ல சார், ஸ்டோமோரைனா. இதுக்கும் கண்ணுல கோடு வரும்." அடுத்த மாதம் அதே ஈ வந்தது. இந்த முறை பழைய புத்தகத்தைப் புரட்டி, "காலிஃபோரிடே" என்றேன். "அதுலேருந்து ரைனியிடேன்னு தனியாப் பிரிச்சுட்டாங்க சார்." சரியான வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினால், ஆள் தனிக்குடித்தனம் போயாயிற்று.

என் அடிப்படைக் கோளாறு, எனக்கு முகம்தான் பிடிக்கும். அசிலிடே குடும்பத்து ஈக்குக் கட்டபொம்மன் மீசை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் உச்சந்தலை பள்ளமாக இருக்கும். முகத்தை வைத்து நான் தப்பில்லாமல் சொல்வது அது ஒன்றைத்தான். மற்றவை தங்கள் ஜாதகத்தை வேறெங்கோ எழுதி வைத்திருக்கின்றன. டாக்கினிடேக்கு முதுகின் கோடியில் உள்ள சின்னத் தகட்டுக்கு அடியில் ஒரு புடைப்பு; பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். வீட்டு ஈயின் இறக்கையில் ஒரு நரம்பு நுனிப்பக்கம் சட்டென்று வளையும், முதுகில் நான்கு கறுப்புக் கோடுகள். சார்கோஃபாகிடே என்றால் மூன்று. என் படத்தில் மூன்றரை இருந்தது. மீதியை ஃபிளாஷ் தின்றுவிட்டது.

"பாஸ்போர்ட் போட்டோ மாதிரி எடுக்காதீங்க சார். மேலேருந்து ஒண்ணு, பக்கத்துலேருந்து ஒண்ணு, இறக்கை ஒண்ணு, மூணும் வேணும்" என்றான் தம்பி. மூன்றுக்கும் பொறுமையாக உட்கார்ந்த ஈ ஒன்றே ஒன்று அகப்பட்டது. நாலாவது படத்துக்கு லேசாக ஊதினேன். செத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவின் ஈக்களைப் பற்றி 1912 தொடங்கித் தொகுதி தொகுதியாக எழுதிய என்ரிகோ புருனெட்டி தொழிலால் இசைக்கலைஞர். வாத்தியம் வாசித்தவருக்கு வசப்பட்ட வித்தை, முப்பது வருடம் வங்கியில் காசோலைக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த எனக்கு வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காசோலைகளைப் பற்றியும் ஒரு கவலை வருகிறது.

கேமராவே இல்லாமல் நான் அடித்துச் சொல்லும் குடும்பம் ஒன்று இருக்கிறது. குளியலறைச் சுவரில், இறக்கையைக் கூரை மாதிரி கவிழ்த்துக்கொண்டு, உடம்பெல்லாம் ரோமமாக, குட்டி விட்டில் போல ஒட்டிக்கொண்டிருக்கும். சாக்கடைக் குழாயின் சேற்றில் வளர்வது. சென்ற வாரம் அதைப் பார்த்த உற்சாகத்தில் கதவைத் திறந்து, "சைக்கோடிடே!" என்று கத்தினேன்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "யாரைச் சொல்றீங்க?"